பழைய மாடல் ரயில் பயணிகள் பெட்டி வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: கெட்டுப்போகும் துத்தநாக வார்ப்பை அடையாளம் காண்பது எப்படி?

பழைய மாடல் ரயில்களை வாங்கத் தொடங்கும் எவரும் இன்ஜினைப் பற்றி ஆயிரம் விசாரிக்கிறார்கள். பயணிகள் பெட்டியை மட்டும் பெயின்ட்டைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பணம் கொடுத்து, பெட்டி வீட்டுக்கு வந்த பிறகே சக்கரம் ஏன் நொறுங்குகிறது, அடிச்சட்டம் ஏன் வளைந்திருக்கிறது என்ற கேள்விகள் என்னிடம் வருகின்றன. வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாதிரிகள் பெரும்பாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தயாரானவை. நம் கைக்கு வருபவையும் அவையே.

பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. உள்ளே உலோகம் கெட்டுப்போயிருக்கலாம் என்கிறீர்களே, அது என்ன கோளாறு?

மாடல் ரயில்களின் நுணுக்கமான உலோகப் பாகங்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை உருக்கி, அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்பட்டவை. நான்கு சதவீத அளவுக்கு அலுமினியம் சேர்ந்த இக்கலவையை அமெரிக்காவில் ஜமாக் என்றும் பிரிட்டனில் மசாக் என்றும் சொல்வார்கள். இந்த வார்ப்பு, செய்து பல ஆண்டுகள் கழித்து, உள்ளிருந்தே விரிசல் விட்டு, உப்பி, வளைந்து, கடைசியில் விரலால் அழுத்தினாலே மாவாக உதிரும் நிலைக்குப் போவதைத்தான் சேகரிப்பாளர்கள் ஜிங்க் பெஸ்ட் என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அதைத் துத்தநாகச் சிதைவு என்றே குறிப்பிடுகிறேன்.

கோளாறு உள்ளே தொடங்குவதால் மேலே பூசிய பெயின்ட் வெகுகாலம் ஒன்றும் காட்டிக்கொடுப்பதில்லை. பெயின்ட் பிளக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

எதனால் வருகிறது? இரும்பு துருப்பிடிப்பது போலத்தானே?

இல்லை. துரு, காற்றும் ஈரமும் படும் மேற்பரப்பில் தொடங்கும். சுரண்டிப் பூசினால் நிறுத்திவிடலாம். துத்தநாகச் சிதைவுக்கு மூலகாரணம் வார்த்த அன்றே உலோகத்துக்குள் இருந்த மாசு, குறிப்பாக ஈயம். கெட்டியான துத்தநாகத்தில் ஈயம் கரையாது. உலோகம் ஆறும்போது அது படிகங்களின் எல்லைகளில் போய் ஒதுங்கிக்கொள்கிறது. பிறகு காற்றிலுள்ள ஈரம் அந்த எல்லைகளின் வழியே அரித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. அரிப்பில் உண்டாகும் பொருள் மூல உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பாகம் உப்பி, வளைந்து, பிளக்கிறது. வெள்ளீயமும் காட்மியமும்கூட இதே கெடுதலைச் செய்யும்.

இக்கலவையில் ஈயத்துக்கு நெடுங்காலமாக இருந்த வரம்பு 0.005 சதவீதம். அதாவது நூறு கிலோ உலோகம் உருகும் கொப்பரையில் ஐந்து கிராம் ஈயம் விழுந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். ஈயமும் துத்தநாகமும் ஒரே பட்டறையில் உருக்கப்பட்ட காலத்தில், பற்றவைப்புத் துண்டோ பழைய ஈயக் கழிவோ ஒன்று கொப்பரைக்குள் போனால் அன்றைய வார்ப்பு முழுவதும் கெட்டுப்போகும். மறுநாள் வார்த்தது நன்றாகவே இருக்கும். ஒரே ஆலையில், ஒரே ஆண்டில் செய்த இரண்டு பெட்டிகளில் ஒன்று இன்றும் உறுதியாகவும் மற்றொன்று பொடியாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். மாசின் பங்கு 1923-லேயே கண்டறியப்பட்டது. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு ஜமாக் கலவைகளை உருவாக்கியது. ஆனால் நல்ல கலவை கிடைக்கிறது என்பதால் பட்டறைகளில் ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை.

ஒரு பயணிகள் பெட்டியில் எது துத்தநாகம், எது வேறு உலோகம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு சிறிய காந்தம் போதும். பழைய பெட்டிகளின் உடலும் கூரையும் பெரும்பாலும் தகரத் தகட்டில் செய்தவை, காந்தம் ஒட்டும். ஒட்டாதவை துத்தநாகம், பித்தளை, அலுமினியம், ஈயம் ஆகியவற்றில் ஒன்று. பித்தளையைக் கீறல் விழுந்த இடத்தின் மஞ்சள் நிறம் சொல்லிவிடும். அலுமினியம் கையில் லேசாக இருக்கும். அதே அளவுத் துத்தநாகம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனக்கும். ஈயம் நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையானது.

துத்தநாகத்தை எதிர்பார்க்க வேண்டிய இடங்கள்: சக்கரங்கள், சக்கரங்களைத் தாங்கும் சக்கரத்தொகுதியின் பக்கச் சட்டங்கள், இணைப்புக் கொக்கியின் அடிப்பாகம், பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள படிகள், ரயிலின் கடைசியில் வரும், காட்சி பார்ப்பதற்கான பெட்டியின் பின்மாடக் கைப்பிடி வேலி, சில மாதிரிகளில் முழு அடிச்சட்டம். நம்மூரில் போகி என்று பெட்டியையே சொல்வதால், நான்கு சக்கரங்கள் கொண்ட அந்த அடிப்பாகத்தை இங்கே சக்கரத்தொகுதி என்கிறேன்.

எந்தக் காலத்துத் தயாரிப்புகளில் இது அதிகம்?

இருபதுகளின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரையிலான வார்ப்புகளில்தான் அதிகம். லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ ஆலையிலிருந்து வந்த போருக்கு முந்தைய ஹார்ன்பி ஓ கேஜ் (32 மி.மீ. அகலத் தண்டவாளத்துக்கான) பெட்டிகளின் வார்ப்புச் சக்கரங்கள் இதற்குப் பேர்போனவை. அதே ஆலையின் டிங்கி பொம்மைக் கார்களுக்கும் அதே கதிதான். அமெரிக்காவில் லயனல், அமெரிக்கன் ஃப்ளையர் ஆகிய நிறுவனங்களின் போருக்கு முந்தைய வார்ப்புகளிலும் இதைக் காணலாம். லயனலின் புளூ காமெட் தொகுப்பு 1930-இல் வந்தது; வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர்களின் பெயரால் ஃபே, வெஸ்ட்ஃபால், டெம்பெல் என்று பெயரிட்ட அதன் நீலப் பெட்டிகள் இன்றும் கண்ணைப் பறிக்கும். உடல் தகரத் தகடு என்பதால் அது நிற்கும். வாங்குபவர் குனிந்து பார்க்க வேண்டியது சக்கரங்களை.

போருக்குப் பின் நிலைமை வெகுவாகச் சீரானது. சில வகைகளில் உடலைப் பற்றிக் கவலையே இல்லை: லயனல் 1952-இல் கொண்டுவந்த சில்வர் டான், சில்வர் ரேஞ்ச் வரிசைப் பெட்டிகளின் உடல் அலுமினியம், நாற்பதுகளில் வந்த மேடிசன், மன்ஹாட்டன், இர்விங்டன் பெட்டிகளின் உடல் பேக்கலைட் என்ற பழங்காலக் கெட்டி பிளாஸ்டிக். பேக்கலைட் கீழே விழுந்தால் உடையும், ஆனால் உள்ளிருந்து சிதையாது.

ஆயினும் இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2000-களில் சீனாவில் வார்க்கப்பட்ட சில மாதிரிகளிலும் கோளாறு திரும்பி வந்தது. ஹார்ன்பியின் கிளாஸ் 31 டீசல் இன்ஜினின் அடிச்சட்டம் உப்பி பிளாஸ்டிக் உடலையே பிளந்தது அத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி.

அப்படியென்றால் போருக்கு முந்தைய பெட்டியைத் தொடவே கூடாதா?

தாராளமாக வாங்கலாம். சொல்லப்போனால், 1930-களில் வார்த்து இன்றும் நேராக, விரிசல் இன்றி இருக்கும் சக்கரத்தை நான் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய சக்கரத்தைவிட அதிகம் நம்புவேன். மாசு மிகுந்த வார்ப்பு எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது அரிது. இன்றுவரை நின்றது, உலோகம் தூயது என்பதற்கான ஏறக்குறைய உறுதியான சான்று. ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், வறண்ட குளிர்நாட்டில் மெதுவாக நடந்துகொண்டிருந்த சிதைவு, ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊருக்கு வந்த பின் வேகம் பிடிக்கக்கூடும் என்பதுதான்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

பெட்டியைத் தலைகீழாகத் திருப்புங்கள். உள்ளங்கையில் மெத்தென்ற துணியை விரித்து அதன்மேல் கூரையை வைத்துக்கொண்டால் வண்ணம் கீறாது. முதலில் சக்கரங்கள். ஒவ்வொன்றையும் விரலால் மெல்லச் சுழற்றி, விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நல்ல சக்கரம் ஒரே தளத்தில் சுழலும். உப்பத் தொடங்கியது தள்ளாடும். பிறகு சக்கரங்களை இணைக்கும் அச்சுத்தண்டு நுழையும் மையப் பகுதி: சிதைவு பெரும்பாலும் அங்கிருந்து வெளிப்புறமாக ஒரு மெல்லிய கோடாகக் கிளம்பும். அச்சை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய சக்கரம் தானாகச் சுற்றினால், மையத்தில் பிளவு இருக்கிறது. விளிம்பில் எலி கடித்தது போல் துண்டு போயிருந்தால் அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை.

அடுத்து சக்கரத்தொகுதியின் பக்கச் சட்டங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். சட்டம் உள்நோக்கி வளைந்தால் சக்கரம் இறுகி நிற்கும். வெளிநோக்கி வளைந்தால் அச்சு கழன்று விழும். அதன்பின் முனைப் படிகள், கொக்கியின் அடி, திருகு இறங்கும் தூண்கள். திருகைச் சுற்றியுள்ள தூண் பருத்து, நட்சத்திரம் போல் விரிசல் விட்டிருந்தால் அதைக் கழற்ற முயல வேண்டாம், தூணோடு வந்துவிடும்.

கடைசியாகப் பெட்டியைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்துப் பாருங்கள். வார்ப்பு அடிச்சட்டம் கொண்ட பெட்டியில் நடுப்பகுதி தூக்கியோ தொங்கியோ இருந்தால், அல்லது உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு முனையில் மட்டும் இடைவெளி தெரிந்தால், சட்டம் நீண்டுவிட்டது என்று பொருள். வெர்னியர் காலிப்பர் கையில் இருந்தால் ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் விட்டத்தையும், ஒரே சக்கரத்தின் விட்டத்தை இரண்டு திசைகளிலும் அளந்து ஒப்பிடுங்கள். அளவுகள் ஒத்துப்போகாத சக்கரம், விரிசல் தெரியாவிட்டாலும் சந்தேகத்துக்கு உரியதே.

மெல்லிய கோடுகள் தெரிகின்றன. விரிசலா, வார்க்கும்போதே விழுந்த கோடா?

டார்ச் ஒளியை நேராக அடிக்காமல், பாகத்தின் மேல் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் அடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்துக் கோடு நேராகவும் சற்றே மேடாகவும், ஒரே மாதிரியான எல்லாப் பெட்டிகளிலும் ஒரே இடத்திலும் இருக்கும். உருகிய உலோகத்தின் இரு ஓட்டங்கள் சேருமுன் ஆறியதால் வரும் கோடு வளைவாக, ஆழமின்றி, ஒற்றையாக இருக்கும்.

சிதைவின் விரிசல் அப்படியன்று: கிளைத்து, ஒன்றோடொன்று பின்னி, கோடையில் வறண்ட ஏரிப் படுகை போலச் சிறு சிறு கட்டங்களாகப் பிரியும். அதன் மேலுள்ள பெயின்ட் கூரிய விளிம்போடு செதிளாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். செதிளுக்கு அடியில் சாம்பல் நிறப் பொடி இருக்கும். குறுக்காக நகத்தை மெதுவாக இழுத்தால் விரிசலில் தடுக்கும். ஊசியால் குத்திப் பார்ப்பது உங்கள் சொந்தப் பொருளில் மட்டும். விற்பவரின் பொருளில் அதைச் செய்வது மரியாதையும் அன்று.

சக்கரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதுவும் அதுதானா?

இருக்க வேண்டியதில்லை. ஈரமான இடத்தில் கிடந்த எந்தத் துத்தநாகத்தின் மேலும் வெண்துரு எனப்படும் வெள்ளைப் படிவு வரும். உலர்ந்த துணியால் துடைத்தபின் அடியில் கெட்டியான, மங்கிய சாம்பல் உலோகம் விரிசல் இன்றித் தெரிந்தால் அது மேற்பரப்பு அரிப்பு மட்டுமே. துடைக்கத் துடைக்க மணலாக உதிர்ந்தால் மேலே சொன்ன சோதனைகளுக்கே அவசியமில்லை. ஆனால் வெள்ளைப் பொடி ஈயத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், அது நச்சு. எடைக்கட்டி பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

நான் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். விற்பவரிடம் என்ன கேட்பது?

படங்கள் கேளுங்கள், உறுதிமொழிகளைக் கேட்டுப் பயனில்லை. விற்பவர்களில் பலர் வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்ததை விற்பவர்கள். துத்தநாகச் சிதைவு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனவே "நல்ல நிலையில் உள்ளது" என்ற வாசகம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அதற்கு மதிப்பும் இல்லை. தலைகீழாக வைத்த பெட்டியின் முழு அடிப்பாகம் ஒரு படம். ஒவ்வொரு சக்கரத்தொகுதியும் பக்கவாட்டில் ஒரு படம். சக்கரங்களின் முகப்பு அருகிலிருந்து ஒரு படம். முனையிலிருந்து நீளவாட்டில் ஒரு படம். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். பிளாஷ் விரிசலின் நிழலை அழித்துவிடும்.

இன்னொரு கேள்வியும் பயன் தரும்: தண்டவாளத்தில் வைத்துக் கையால் தள்ளினால் ஓடுகிறதா, எல்லாச் சக்கரங்களும் சுழல்கின்றனவா? ஓ கேஜ் தண்டவாளத்தின் அகலம் 32 மி.மீ., ஓஓ கேஜுக்கு 16.5 மி.மீ.; உப்பிய சக்கரங்களுக்கிடையே இடைவெளி சுருங்கிவிடுவதால் பெட்டி, தண்டவாளம் பிரியும் இடங்களில் ஏறி நிற்கும். விற்பவர் படம் அனுப்ப மறுத்தால், எல்லாச் சக்கரங்களும் போய்விட்டன என்று கணக்கில் எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

"கொஞ்சம் மெட்டல் ஃபடீக், மற்றபடி சூப்பர்" என்று போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் என்றால் பரவாயில்லையா?

மெட்டல் ஃபடீக் என்று விற்பவர்கள் சொல்வது இதே துத்தநாகச் சிதைவைத்தான். எந்தப் பாகத்தில் என்பதே கேள்வி, எவ்வளவு என்பதன்று. தனியே கழற்றி மாற்றக்கூடிய சக்கரத்தில் என்றால் முழுவதும் நொறுங்கியிருந்தாலும் பரவாயில்லை. உடலோ அடிச்சட்டமோ வார்ப்பாக இருந்து அதில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் வாங்கமாட்டேன். அந்த விரிசல் தொடரும், கூடவே அதில் திருகி வைத்த நல்ல பாகங்களையும் வளைத்துக் கெடுக்கும்.

பெட்டியின் ஜன்னல்கள் மஞ்சளாகி, திறந்தால் புளித்த வாடை வருகிறது. உலோகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இன்ஜினிலும் சரக்குப் பெட்டியிலும் அதிகம் இல்லாத, பெரும்பாலும் பயணிகள் பெட்டிக்கு உரிய தொல்லை இது. பழைய பெட்டிகளின் ஜன்னல்கள் செல்லுலாய்டு அல்லது செல்லுலோஸ் அசிடேட் தகடுகள். செல்லுலாய்டு சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அசிடேட் சிதைந்தால் வரும் வினிகர் வாடை அசிட்டிக் அமிலம். மூடிய பெட்டிக்குள் தேங்கும் இந்த ஆவிகள் தகரத்தைத் துருப்பிடிக்கவைக்கும், துத்தநாகத்தை மேலிருந்து அரிக்கும், ஈயத்தை இன்னும் வேகமாக.

இது துத்தநாகச் சிதைவு அன்று என்பதால் நிறுத்த முடியும். சுருங்கி, மஞ்சளாகி, ஒட்டும் பதத்துக்கு வந்த ஜன்னல் தகட்டை எடுத்துவிட்டு, பாலியெஸ்டர் தகட்டை அதே அளவில் வெட்டிப் பொருத்துவதே வழி. எடுத்த தகட்டை நெருப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். செல்லுலாய்டு குபீரென்று பற்றிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் பெட்டி, வார்ப்பே இல்லை. ஆனாலும் தரை வெடித்து மேலே தூக்கியிருக்கிறது. எப்படி?

முந்தைய உரிமையாளர் எடை சேர்த்திருக்கிறார். பெட்டி தடம்புரளாமல் ஓடுவதற்காக ஈயக் குண்டுகளைத் தரையில் கொட்டி, ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டுவது பலருக்கும் தெரிந்த உத்தி. அப்பசையிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலத்தில் ஈயம் மெல்ல மெல்ல வெள்ளைக் கார்பனேட்டாக மாறிப் பருக்கும். சில ஆண்டுகளில் தரையைப் பிளந்துவிடும். சில மரவகைகளும் அசிட்டிக் அமில ஆவியை விடுவதால், மரத்தில் கட்டிய பழைய பெட்டிகளில் வைத்த ஈயத் துண்டும் இப்படிப் பூக்கும்.

அந்த வெள்ளைப் பொடி நச்சு என்பதை மீண்டும் சொல்கிறேன். ஊதவும் பெருக்கவும் கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் ஈயத்தையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சமையலறை மேசையில் இந்த வேலை வேண்டாம். மாற்றாக எஃகு நட்டுகளை எப்பாக்ஸியில் ஒட்டலாம். வாங்கும் முன் பெட்டியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். அளவுக்கு மீறிய கனம், உள்ளே கரகரப்பு, தரையில் மேடு, இவற்றில் எது தெரிந்தாலும் கூரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்குத் தொற்றுமா?

தொற்றாது. மாசு உள்ளே இருந்தால்தான் சிதைவு வரும். தூய வார்ப்பை அழுகிய வார்ப்போடு நூறாண்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஒரே தொகுப்பின் பெட்டிகள் வரிசையாகக் கெடுவதைப் பார்த்து எழுந்த எண்ணம் இது. அவை ஒரே கொப்பரையில் பிறந்தவை, அவ்வளவே. ஆனால் ஜன்னல் தகட்டின் ஆவி பக்கத்துப் பெட்டியையும் பாதிக்கும் என்பதால் அத்தகைய பெட்டியை மட்டும் தனியே வையுங்கள்.

ஃபெவிக்விக் விட்டு, மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் நின்றுவிடாதா?

நிற்காது. அரிப்பு நடப்பது உள்ளே படிகங்களின் எல்லைகளில். பசை மேலிருக்கும் பிளவை மட்டுமே நிரப்புகிறது. ஓடாத, அலமாரியில் நிற்கும் அரிய பெட்டியின் பாகம் உதிர்ந்துவிடாமல் தற்காலிகமாகப் பிடித்துவைக்க மெல்லிய பசை உதவும். அதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது. புதிதாக வாங்கப்போகும் பெட்டியில் அடிச்சட்டத்துக்கு மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால், யாரோ ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டு, தமக்குத் தாமே வேறு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம்.

சக்கரம் மட்டும்தான் போயிருக்கிறது, உடல் அருமையாக இருக்கிறது. வாங்கலாமா?

இதுதான் இந்தச் சந்தையில் கிடைக்கும் நல்ல பேரம். போருக்கு முந்தைய ஹார்ன்பி, லயனல் பெட்டிகளுக்குப் புதிதாக வார்த்த மாற்றுச் சக்கரங்கள் கிடைக்கின்றன. எட்டுச் சக்கரங்கள், அல்லது பன்னிரண்டு சக்கரப் பெட்டியானால் பன்னிரண்டு, அவற்றின் விலையும் தபால் செலவும் சேர்த்துக் கணக்கிட்டு, அதைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே கொப்பரை என்று எண்ணி எல்லாவற்றையும் மாற்றுவதே சிக்கனம்.

கழற்றும்போது உப்பிய சக்கரத்தை அச்சிலிருந்து இழுக்க முயல்வது தவறு. இறுகிய சக்கரம் அச்சைக் கீறும், அச்சைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தையும் வளைக்கும். சிறு இடுக்கியால் சக்கரத்தை விளிம்பிலிருந்து மையம் நோக்கி நொறுக்கி எடுங்கள். எப்படியும் நொறுங்கத்தான் போகிறது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். எஃகு அச்சைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தலாம்.

மாற்றுப் பாகமே கிடைக்கவில்லை. பழையதையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்து வார்த்துக்கொண்டால்?

யோசனை நல்லது, மாதிரிதான் கெட்டது. உப்பிய பாகத்தை அச்சு எடுத்தால் உப்பலும் சேர்ந்தே அச்சில் வரும். முப்பரிமாண ஸ்கேன் செய்து பிரின்ட் எடுத்தாலும் அப்படித்தான். பாகம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் உப்புவதும் இல்லை என்பதால் கணினியில் இத்தனை சதவீதம் குறைத்தால் சரியாகிவிடும் என்று நம்பவும் முடியாது. சரியான வழி, பாகம் பொருந்தும் இடத்தை அளப்பது: தகர உடலிலுள்ள துளைகளுக்கு இடையேயான தூரம், சக்கரங்களின் அச்சுத்தண்டு நீளம், தண்டவாளத்தின் அகலம் ஆகியவை மாறாதவை. அவற்றிலிருந்து வரைபடம் போட்டு, சிதைந்த பாகத்தை வடிவத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்சலில் உடைந்து வந்தது. தபால்காரர் போட்டதா, ஏற்கெனவே கெட்டிருந்ததா என்று எப்படி நிரூபிப்பது?

முறிந்த முகத்தைப் பாருங்கள். நல்ல துத்தநாக வார்ப்பு அடிபட்டு முறிந்தால் முறிவு புதிதாக, வெளிறிய பளபளப்போடு, நெருக்கமான மணிகளாகத் தெரியும். இரு துண்டுகளும் அச்சாகப் பொருந்தும். சிதைந்த வார்ப்பின் முறிவு கருஞ்சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும், ஓரம் உதிரும், பக்கத்திலேயே முறியாத வேறு விரிசல்களும் இருக்கும், துண்டுகளைச் சேர்த்தால் இடைவெளி விழும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். முறிந்த முகத்தைத் துடைக்காமல், ஒட்டாமல், அருகிலிருந்து படம் எடுத்து அனுப்புங்கள். விற்பவர் முன்பு அனுப்பிய அடிப்பாகப் படங்கள் இப்போது இருவருக்கும் சாட்சியாகும்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் எப்படிப் பாதுகாப்பது?

துத்தநாகச் சிதைவுக்கு வேகம் தருபவை ஈரமும் வெப்பமும். கடலோர நகரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பரணும் மொட்டைமாடி அறையும் கூடவே கூடாது. வீட்டின் உள்ளறையில், வெளிச்சுவரை ஒட்டாத இரும்பு அலமாரி நல்லது. தார்மிக ஆதரவுக்காக நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதில் பயனில்லை. இறுக மூடும் டப்பா, போதுமான ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி, அது 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும்படி ஜெல்லை அவ்வப்போது சூடுசெய்து உலர்த்திப் போடுவது என்று செய்தால்தான் பலன்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய செல்லுலாய்டு, அசிடேட் ஜன்னல்கள் உள்ள பெட்டியை இறுக மூடிய டப்பாவில் வைத்தால் மேலே சொன்ன ஆவிகள் வெளியேற வழியின்றி உள்ளேயே வேலை செய்யும். அவற்றைக் காற்றோட்டமான அலமாரியில், அமிலமற்ற காகிதத்தில் சுற்றி வையுங்கள். பழைய நுரைப் பஞ்சு பொதிவை உடனே எறிந்துவிடுங்கள். அது பிசுபிசுத்துப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இருபது ஆண்டுகளுக்குள் தயாரான பெட்டி ஒன்று வாங்கினேன். எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. இனிக் கவலை இல்லையா?

போருக்கு முந்தைய வார்ப்புக்குக் காலம் கொடுத்திருக்கும் சான்று இதற்கு இன்னும் கிடைக்கவில்லை. வாங்கிய அன்றே வார்ப்புப் பாகங்களை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துவையுங்கள்: ஒரு சக்கரத்தின் விட்டம், சக்கரத்தொகுதிச் சட்டத்தின் நீளம், வார்ப்பு அடிச்சட்டம் இருந்தால் அதன் நீளம். அளந்த இடத்தையும் படம் எடுத்து, தேதியோடு ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியோடு வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில், ஏறத்தாழ அதே வெப்பநிலையில் அளந்தால் போதும். கண்ணுக்கு விரிசல் தெரிவதற்கு முன்பே நீளம் கூடத் தொடங்கும். கூடினால் உடலைச் சட்டத்திலிருந்து அன்றே கழற்றித் தனியே வையுங்கள். பிளாஸ்டிக் உடல் பிளந்த பின் சட்டத்தை மாற்றுவதால் பயனில்லை. பிறகு அந்தப் பெட்டியை விற்பதானால் அந்த அட்டையையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.